கத்தரிக்கோலும் காப்பகமும்: பத்திரிகை நறுக்குகள் குறித்துச் சில குறிப்புகள்

கீழத்தஞ்சைப் பக்கம் தோழர் ஒருவர் முப்பது வருஷத்துக்கும் மேலாகப் பேப்பர் வெட்டி வைத்திருந்தார். தபால் ஆபீஸில் வேலை. 1968 டிசம்பரில் வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட பிறகுதான் வெட்டத் தொடங்கினேன் என்று சொல்வார். டீக்கடையில் எல்லோரும் படித்து முடித்த பேப்பரை ராத்திரி கேட்டு வாங்கி வருவார். பிளேடால் கீறி எடுத்து, ஓரத்தில் பத்திரிகையின் பெயர், பதிப்பு, தேதி எல்லாம் குறித்து, பழுப்பு உறைகளில் போட்டு டிரங்குப் பெட்டியில் அடுக்குவார். உறைகளின் மேல் தலைப்புகள்: கூலி, கோயில், டீக்கடை, சுடுகாட்டுப் பாதை, போலீஸ். ஒரு உறையின் மேல் 'தெரியல' என்று மட்டும் எழுதியிருக்கும்.

அவர் போன பிறகு பெட்டிகள் ஒரு கல்லூரி நூலகத்துக்குச் சென்றன. வாங்கிக்கொள்ள ஒருவர் முன்வந்ததே பெரிது என்றுதான் அப்போது நினைத்தோம். இரண்டு வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தேன். நறுக்குகளை உறையிலிருந்து எடுத்து, தேதி வாரியாக அடுக்கி, ஏ4 தாளில் நகலெடுத்து, அழகாக பைண்டு செய்து வைத்திருந்தார்கள். கணினியிலும் ஏற்றியிருந்தார்கள். சுத்தமான வேலை. உறைகள் எங்கே என்று கேட்டேன். "அது வெறும் பழைய கவர்தானே சார், எடைக்குப் போட்டாச்சு." மூல நறுக்குகள்? "எல்லாம் உதிர்ந்துபோச்சு சார். அதான் காப்பி இருக்கே."

அந்த நூலகரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இதை எழுதவில்லை. அவர் நல்ல மனிதர்; பாடப்புத்தகம் சொன்னதைத்தான் செய்தார். கேள்வி அந்தப் பாடப்புத்தகத்தைப் பற்றியது.

செய்தித்தாள் மறுநாள் சாக வேண்டும் என்றே செய்யப்பட்ட பொருள். மரத்தை அப்படியே அரைத்த கூழ்; லிக்னின் நீக்கப்படாமல் அதிலேயே கிடக்கிறது. வெளிச்சமும் காற்றும் பட்டால் மஞ்சளாகும், பிறகு பழுப்பாகும். உள்ளே ஊறும் அமிலம் நார்களைத் துண்டு துண்டாக்கும். ஒரு நறுக்கைப் புத்தகத்துக்குள் வைத்துப் பத்து வருஷம் கழித்துத் திறந்து பாருங்கள்: நறுக்கின் உருவம் இரண்டு பக்கத்திலும் பழுப்பாகப் பதிந்திருக்கும். தன்னோடு சேர்ந்த காகிதத்தையும் அது கெடுக்கிறது. நம் ஊர் வெக்கையும் ஈரப்பதமும் இதைத் துரிதப்படுத்தும். குண்டூசி துருப்பிடிக்கும். செல்லோடேப் உரிந்து விழுந்து, பசை மட்டும் கறையாக நிற்கும். மைதாப் பசைக்குப் பூச்சி வரும். பூச்சிக்கு பயந்து மயில்துத்தம் கலந்தால் அதிலுள்ள செம்பே காகிதத்தைச் சிதைக்க உதவும். ஆகவே கையேடுகள் சொல்வது: நறுக்குகளை அமிலமற்ற தாளில் நகலெடு, மூலத்தைத் தூக்கிப் போடு. நறுக்கில் மதிப்புள்ளது 'தகவல்' மட்டுமே. காகிதத்துக்கென்று தனி மதிப்பில்லை. இடமும் பணமும் இல்லாத காப்பகங்களுக்கு இது நியாயமாகவே தோன்றும். இப்போது இன்னொரு வாதமும் சேர்ந்துகொண்டது: முழுப் பத்திரிகையே டிஜிட்டலாக வரும்போது நறுக்கு எதற்கு?

தகவல் என்று எதைச் சொல்கிறோம் என்பதில்தான் விவகாரம் இருக்கிறது.

பத்திரிகை என்பது ஒரு நாளின் உலகத்தை ஓர் ஒழுங்கில் வைத்துக் காட்டும் பிரதி. மந்திரி முதல் பக்கத்தில். வரப்பில் வெட்டுப்பட்டவன் எட்டாம் பக்கத்து மூலையில், நகை விளம்பரத்துக்குக் கீழே. வெட்டுகிறவர் செய்யும் முதல் காரியம் அந்த ஒழுங்கைக் கலைப்பது. மூலையில் கிடந்ததை எடுத்து, ஆறு மாதம் கழித்து வேறொரு பத்திரிகையின் மூலையில் கிடந்த இன்னொன்றின் பக்கத்தில் வைக்கிறார். தனித்தனியாக 'சம்பவம்' என்று சொல்லப்பட்டவை ஒரே உறைக்குள் வந்ததும் சம்பவங்களாக இருப்பதில்லை. ஒரு கட்டமைப்பு தெரிய ஆரம்பிக்கிறது. நறுக்கு என்பது பத்திரிகையின் ஒரு துண்டு அல்ல, பத்திரிகைக்கு எதிரான ஒரு வாசிப்பு. அந்த வாசிப்பு எழுதப்பட்டிருக்கும் இடம் உறை. அதைத்தான் எடைக்குப் போட்டார்கள்.

இதை நான் கற்பனையாகப் பேசவில்லை. அமெரிக்காவில் இது நடந்திருக்கிறது. 1892-இல் மெம்ஃபிஸ் நகரில் தன் நண்பர்கள் மூவர் வெள்ளைக் கும்பலால் கொல்லப்பட்டதையடுத்துக் கும்பல்கொலைகளைக் கண்டித்து எழுதியதற்காக ஐடா பி. வெல்ஸின் பத்திரிகை அலுவலகம் அடித்து நொறுக்கப்பட்டது. 1895-இல் அவர் வெளியிட்ட 'சிவப்புப் பதிவு' என்ற சிறுநூலுக்கு எதை ஆதாரமாகக் கொண்டார் தெரியுமா? வெள்ளையர் பத்திரிகையான சிகாகோ ட்ரிப்யூன் ஆண்டுதோறும் வெளியிட்டு வந்த கும்பல்கொலைப் பட்டியலை. கறுப்பர் சொன்னால் மிகைப்படுத்தல் என்பார்கள். ஆகவே உங்கள் வாயாலேயே பேசுகிறேன் என்பது அவர் நிலை. அதே பட்டியலைக் காரணவாரியாகப் பிரித்தார். கறுப்பர்கள் வெள்ளைப் பெண்களைக் கெடுத்ததால்தான் கொல்கிறோம் என்று தெற்கு முழுவதும் ஓதப்பட்ட கதை அந்தப் பிரிப்பிலேயே உடைந்தது. கொல்லப்பட்டவர்களில் அந்தக் குற்றம் சும்மா சாட்டப்பட்டவர்களே சுமார் மூன்றில் ஒரு பங்குதான். செய்தி ஒன்றே. அடுக்கு மாறியது.

அவருக்குப் பிறகு இதை ஒரு நிறுவனமாகவே செய்தவர் மன்றோ வொர்க். அடிமைகளாக இருந்த பெற்றோருக்குப் பிறந்த சமூகவியலாளர். 1908-இல் அலபாமாவின் டஸ்கீகிக்கு வந்து பதிவுகள், ஆய்வுத் துறையை ஏற்படுத்தினார். நாடு முழுதும் வரும் பத்திரிகைகளை வெட்டி, தலைப்பிட்டு, கோப்பாக்குவது அங்கே அன்றாட வேலை. 1899 முதல் 1966 வரையிலான அந்த நறுக்குக் கோப்புகள் பிற்பாடு நுண்படமாக்கப்பட்டபோது 252 சுருள்கள் ஆயின. 1882-லிருந்து 1968 வரை 4,743 பேர் கும்பல்கொலைக்கு ஆளானார்கள், அதில் 3,446 பேர் கறுப்பர்கள் என்று இன்றுவரை எடுத்தாளப்படும் கணக்கு டஸ்கீகியுடையது. அரசாங்கம் எண்ண மறுத்ததைக் கத்தரிக்கோல் எண்ணியது.

சரி, இன்றைக்கு அந்தப் பத்திரிகைகள் எல்லாம் தேடுபொறியில் கிடைக்குமே, இனி உறை எதற்கு என்றால், தேடிப் பாருங்கள் என்றுதான் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துத் தெற்கத்திப் பிரேத விசாரணைகளின் வழக்கமான முடிவு 'அடையாளம் தெரியாத நபர்களால் மரணம்'. ஊரே நின்று வேடிக்கை பார்த்த கொலைக்கு அந்த வாசகம். நம் தினசரிகளின் 'மர்ம நபர்கள்' உங்களுக்கு ஞாபகம் வருகிறதல்லவா? 1975-ஆம் வருஷத்துத் தமிழ் தினசரிகளில் 'ஆணவக் கொலை' என்று தேடினால் ஒன்றும் வராது. அப்போது கொலையே நடக்கவில்லை என்று அர்த்தமா? 'வயிற்றுவலி தாங்காமல் இளம்பெண் தற்கொலை', 'காதல் தகராறு', 'இரு பிரிவினர் மோதல்', 'கோஷ்டிச் சண்டை' என்றெல்லாம் அது மறைந்து கிடக்கிறது. பத்திரிகை எந்தச் சொல்லைச் சொல்ல மறுத்ததோ அந்தச் சொல்லை வைத்துப் பத்திரிகைக்குள் தேட முடியாது. அந்தச் சொல் உறையின் மேல்தான் இருக்கிறது. 'வயிற்றுவலி' என்று அச்சிட்ட துண்டை எடுத்து, ஊர் நிலவரம் தெரிந்த ஒருவர் 'சாதி' என்ற உறையில் போட்டாரே, அதுதான் தகவல். எவ்வளவு கெட்டிக்கார மென்பொருளும் அதைப் படித்துச் சொல்லப் போவதில்லை; காகிதத்தில் அது அச்சாகவே இல்லை.

இன்னொன்று பதிப்பு. நம் பெரிய தினசரிகள் பல ஊர்களிலிருந்து பதிப்பு போடுகின்றன. ஒரு சேரியில் நடந்தது அந்த மாவட்டப் பக்கத்தோடு முடிந்துவிடும். சென்னைப் பதிப்பை எட்டாது. காப்பகத்தில் பைண்டு செய்து வைத்திருப்பது பெரும்பாலும் ஏதோ ஒரு பதிப்பு. ஆகவே 'முழுப் பத்திரிகை இருக்கிறது' என்பது பல சமயம் முழுப் பொய். டீக்கடைப் பேப்பரை வெட்டிய தபால்காரரிடம் இருந்தது அந்த மாவட்டப் பக்கம்.

இங்கே ஆவணவியலின் இரட்டை நாக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மூல ஒழுங்கைக் குலைக்காதே என்பது ஆவணக் காப்பாளர்களின் பால பாடம். கலெக்டர் ஆபீஸ் கோப்பு ஒன்று வந்தால் அதிலுள்ள தாள்களைப் பிரித்துத் தேதிவாரியாக அடுக்க எந்தக் காப்பாளரும் துணியமாட்டார். குமாஸ்தா போட்ட எண், ஓரக் குறிப்பு, அட்டை, நாடா எல்லாமே சாட்சியம். ஆனால் நறுக்கு வந்தால் அது 'ஆவணம்' அல்ல, 'நூலகப் பொருள்'. பிரிக்கலாம், அடுக்கலாம், ஒட்டலாம். அரசின் ஒழுங்குக்கு மரியாதை. ஒரு தபால்காரரின் ஒழுங்கு குப்பை. 1994-இல் லண்டனில் ஆற்றிய உரையில் தெரிதா, ஆவணக் காப்பகத்தைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல்லின் வேரில் அதிகாரிகளின் வீடு இருப்பதைக் காட்டினார். அதைப் படித்துவிட்டு நாம் ரொம்பப் பேசினோம். வீட்டுக்குள் யாருடைய அலமாரி எப்படிக் கலைக்கப்படுகிறது என்று பார்க்காமல் விட்டோம்.

வெட்டுவதே புனிதமான காரியம் என்றும் யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதிகாரம் நமக்கு முந்தியே கத்தரிக்கோலை எடுத்துவிட்டது. 1870-களிலிருந்து சென்னை மாகாண அரசு, தமிழ், தெலுங்கு உள்ளிட்ட பத்திரிகைகளில் வந்ததைத் தொகுத்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து ரகசிய அறிக்கையாக அதிகாரிகளுக்குச் சுற்றுக்கு விட்டது. அவற்றில் பல பத்திரிகைகளின் ஒரு பிரதிகூட இன்று கையில் இல்லை. ஒரு தமிழ்ப் பத்திரிகையாளன் வெள்ளைக்காரனைத் திட்டியது, திட்டு வாங்கியவனின் ஆள் செய்த ஆங்கிலச் சுருக்கத்தில் மட்டும் உயிரோடிருக்கிறது. வரலாற்றாசிரியர்கள் அதை மறுபடி தமிழாக்கி மேற்கோள் காட்டுகிறார்கள்! ரணஜித் குஹா எழுச்சிகளின் அரசு ஆவணங்களைப் படித்த மாதிரி இந்த அறிக்கைகளையும் எதிர்த் திசையில் படிக்க வேண்டியிருக்கிறது.

ஹாம்பர்க் கதையும் அப்படித்தான். 1908-இல் அங்கே காலனிய நிறுவனம் ஒன்று தொடங்கப்பட்டது. அதன் மையப் பிரிவு உலகப் பத்திரிகைகளை வெட்டிக் கோப்பாக்கியது: நபர்கள், நிறுவனங்கள், சரக்குகள், நாடுகள். ரப்பருக்கு ஒரு கோப்பு, பருத்திக்கு ஒரு கோப்பு. உலகம் வியாபாரியின் கண்ணுக்கு எப்படித் தெரிந்ததோ அப்படி உறைகள். முதல் உலகப்போரில் காலனிகள் போயின. 1919-இல் உலகப் பொருளாதாரக் காப்பகம் என்று பெயர் மாறிற்று. வெட்டுவது மட்டும் 2005 வரை நிற்கவில்லை. ஆனால் பாருங்கள், அந்தக் காப்பகம் தன் உறைகளைக் காப்பாற்றிக்கொண்டது. 1949 வரைக்குமான கோப்புகளை டிஜிட்டலாக்கும்போது கோப்புக்குக் கோப்பாக, பழைய தலைப்பும் வகைப்பாடும் மாறாமல்தான் செய்தார்கள். பதிப்புரிமை காரணமாக ஒரு பகுதியைத்தான் இணையத்தில் எல்லோரும் பார்க்க முடியும். மீதியை அவர்களிடம் போய்த்தான் பார்க்க வேண்டும். எப்படியானாலும், காலனியம் எந்த வகைமைகளில் யோசித்தது என்பதை இன்று அந்த உறைகளை வைத்தே விமர்சிக்க முடிகிறது. நம் தபால்காரர் எந்த வகைமைகளில் யோசித்தார் என்பதை விமர்சிக்கக்கூட இனி வழியில்லை.

விமர்சிக்க நிறையவே இருந்தது. வெண்மணி நறுக்குகள் அவரிடம் வெகுகாலம் 'கூலி' உறையில்தான் இருந்தன. அவர் கட்சி அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தது. அம்பேத்கர் நூற்றாண்டையொட்டி எழுந்த விவாதங்களுக்குப் பிறகு, தொண்ணூறுகளில் ஒரு நாள், 'சாதி' என்று புது உறை போட்டு அவற்றில் சிலதை அதற்கு மாற்றினார். பழைய உறையில் ஒரு துண்டுச் சீட்டு வைத்தார்: 'மாற்றியது'. தேதியும் போட்டிருந்தார். தமிழக இடதுசாரிகள் சாதி குறித்து எப்போது, எப்படி, எவ்வளவு தயக்கத்தோடு யோசிக்க ஆரம்பித்தார்கள் என்பதைத் தீர்மானங்களை வைத்து எழுதலாம்தான். அந்தச் சீட்டை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அது எந்தத் தீர்மானத்தையும்விட நேர்மையானது. தேதிவாரி அடுக்கில் அதற்கு இடமில்லாமல் போயிற்று.

அவருடைய குருட்டிடமும் அந்தக் காகிதங்களிலேயே இருந்தது, பின்பக்கத்தில். கூலிப் போராட்டச் செய்தி ஒன்றைத் திருப்பினால், பாதி வெட்டுப்பட்டு, 'ஸ்டவ் வெடித்து இளம்பெண்...' என்று நிற்கும். இப்படி இரண்டு மூன்று பார்த்திருக்கிறேன். 'ஸ்டவ்' என்று ஓர் உறை அவர் போடவே இல்லை. முப்பது வருஷம் அவர் கையில் பிளேடு இருந்தது. அந்தச் செய்திகளின் குறுக்கே கீறிக்கொண்டு போயிருக்கிறது. நகலெடுத்தவர்கள் முன்பக்கத்தை மட்டுமே எடுத்தார்கள். ஆக அவர் வாசித்ததும் போயிற்று, வாசிக்காமல் விட்டதும் போயிற்று.

டஸ்கீகிக்கும் இப்படி ஒரு நெருக்கடி வந்தது. 1952-ஆம் ஆண்டுக் கணக்கில் கும்பல்கொலை பூஜ்யம் என்று வந்தது. சீக்கிரமே, இன உறவை அளக்க இது இனி சரியான அளவுகோல் அல்ல என்று சொல்லி அந்த ஆண்டறிக்கையை நிறுத்திக்கொண்டார்கள். அந்த முடிவு ஒரு விதத்தில் சரிதான்: வன்முறை வேறு வடிவங்களுக்குப் போய்விட்டது, பழைய தலைப்புக்குள் அது அடங்கவில்லை. ஆனால் 'பூஜ்யம்' என்ற சொல்லைக் கொண்டாடக் காத்திருந்தவர்கள் வேறு ஆட்கள். பத்திரிகையில் வராத கொலை நறுக்காகவும் ஆகாது என்பது இதன் மறுபக்கம். அலபாமாவின் ஈக்குவல் ஜஸ்டிஸ் இனிஷியேட்டிவ் 2015-இல் தெற்கத்தி மாநிலங்கள் பன்னிரண்டை ஆராய்ந்தபோது முந்தைய கணக்குகளில் விடுபட்ட 700-க்கும் மேற்பட்ட கொலைகளைச் சேர்க்க வேண்டியிருந்தது. உறை எவ்வளவு முக்கியமோ அவ்வளவு போதாமையும் உடையது.

நீதிமன்றத்தில் நறுக்கின் நிலை வேடிக்கையானது. 1979-இல் பீகார் சிறைகளில் விசாரணையே இல்லாமல் கிடந்தவர்கள் குறித்து இந்தியன் எக்ஸ்பிரஸில் வந்த கட்டுரைகளை வைத்துத்தான் ஹுசைனாரா காத்தூன் வழக்கு உச்சநீதிமன்றத்துக்குப் போனது. ஏராளமானோர் வெளியே வந்தார்கள். 1988-இல் அதே உச்சநீதிமன்றம், தமிழ்நாட்டிலிருந்து போன லட்சுமி ராஜ் ஷெட்டி வழக்கில், பத்திரிகைச் செய்தி வெறும் செவிவழிச் சாட்சியம், தனியாக அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்றது. சட்டப்படி சரி. வன்கொடுமை வழக்குகளில் உழலும் தோழர்களுக்கு இது நன்றாகத் தெரியும்: நறுக்கு கதவைத் தட்ட உதவும், உள்ளே போனபின் உதவாது. ஆகவே ஊர், தேதி, காவல் நிலையம் பிடித்து மேலே போவதற்கான நூல்முனையாகவே நறுக்கைப் பயன்படுத்துகிறார்கள். தேதியும் பதிப்பும் குறிக்காத நறுக்கு அதற்கும் ஆகாது. வெட்டும்போது உணர்ச்சிவசப்பட்டு இதை மறந்துவிடுகிறோம்.

நம்மில் பலர் வீட்டில் இப்படி ஒரு பெட்டி இருக்கிறது; அதனால் கையாளும் முறை பற்றியும் கொஞ்சம். திறப்பதற்கு முன் பெட்டியை, உறையை, உறைக்குள் இருக்கும் வரிசையை அப்படியே போட்டோ எடுங்கள். இப்போது கைபேசியே போதும். நறுக்கின் இரண்டு பக்கத்தையும் எடுங்கள். ஊசி, கிளிப், ரப்பர் பேண்டு எல்லாவற்றையும் நீக்கிவிடுங்கள். குறிப்பதற்குப் பென்சில், பேனா வேண்டாம். அமிலமற்ற தாள் கிடைத்தால் இடையில் வையுங்கள். கிடைக்காவிட்டால் கடிதம், கையெழுத்துப் பிரதி போன்றவற்றோடு கலக்காமல் நறுக்குகளைத் தனியே, இருட்டில், ஈரமில்லாமல், தட்டையாக வைத்தாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று. லேமினேஷன் மட்டும் தயவுசெய்து வேண்டாம். சூட்டில் ஒட்டியதைப் பிரிக்க முடியாது. உள்ளே இருக்கும் அமிலம் உள்ளேயே வேலை செய்யும். நம் ஊரில் எதன் மேல் பாசம் வந்தாலும் லேமினேட் செய்துவிடுகிறார்கள்.

எல்லாவற்றையும் இணையத்தில் போட வேண்டும் என்ற அவசரத்தோடும் எனக்கு உடன்பாடில்லை. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் பெயரை அச்சிடுவதைச் சட்டம் தடுத்தது 1983-இல்தான். அதற்கு முந்தைய நறுக்குகளில் பெயர், ஊர், சில சமயம் படம்கூட இருக்கும். அந்தப் பெண்கள் இன்று யாருக்கோ பாட்டி. ஒரு டிரங்குப் பெட்டியில் பத்துப் பேர் பார்ப்பது வேறு, பெயரைத் தட்டினால் உலகத்துக்கே தெரிவது வேறு. உறைகளின் பட்டியலை வெளியிடலாம். உள்ளிருப்பதைக் கேட்டு வருகிறவருக்குக் காட்டலாம்.

போன மாதம் அந்தத் தோழரின் மகள் வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது இன்னொரு உறை கிடைத்தது என்று கூப்பிட்டார். உள்ளே பதினோரு நறுக்குகள். உறையின் மேல் எதுவும் எழுதவில்லை. நாங்கள் நான்கு பேர் தரையில் உட்கார்ந்து பரப்பிப் பார்த்தோம். நான் ஒரு தலைப்பு சொன்னேன். அவர் இல்லை என்று வேறொன்று சொன்னார். "அப்பா இதை எதுல போட்டிருப்பார்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டார். வெகுநேரம் பேசினோம். கடைசியில் உறையின் பின்பக்கம் பென்சிலால், பரணில் கிடைத்தது, தலைப்பில்லை, இன்ன தேதி என்று மட்டும் குறித்து, இருந்த வரிசையிலேயே உள்ளே வைத்தோம்.